எல்லோருக்கும் ஒரே கார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் அஜித்குமார். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து ஊரில் உள்ள இளவட்டங்கள் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடியபோதே உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக உன் அம்மா சொன்னார்கள். கடைசி அரைப் பக்கத்தில்தான் நீ விஷயத்துக்கு வந்திருக்கிறாய்: பந்தயத்தில் ஓட்ட எத்தனை கோடி வேண்டும், நம்மைப் போன்ற வீட்டுக்கு அது கட்டுப்படியாகுமா?

கோடிகள் கேட்காத பந்தயம் உண்டு. காசே கேட்காத பந்தயம் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கார் பந்தயத்தில் செலவு எங்கே பிடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒருவன் எஞ்சினைக் கொஞ்சம் மெருகேற்றுவான். அடுத்தவன் அதைவிட விலை உயர்ந்த டேம்பர் போடுவான். மூன்றாமவன் எடை குறைந்த சக்கரம் வாங்குவான். அடுத்த வருடம் முதலாமவன் புது எஞ்சினோடு வருவான். இந்த ஏலத்தில் கடைசிவரை நிற்பது திறமை இல்லை, பணப்பை. இதை நிறுத்த ஒரே வழி, விதிப்புத்தகத்திலேயே கதவைச் சாத்துவது: எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர், ஓட்டுநரையும் சேர்த்து ஒரே குறைந்தபட்ச எடை. ஆங்கிலத்தில் ஸ்பெக் கிளாஸ் என்பார்கள். நம் ஊர் டிராக்கில் ஒன் மேக் என்றும் காதில் விழும். துபாயில் அஜித் அணி இறக்கிய போர்ஷே கப் காரும், நீ தீவுத்திடலில் பார்த்த ஃபார்முலா 4 காரும்கூட இந்த ரகம்தான். ஒரே கார் என்பதாலேயே அது மலிவு என்று ஆகிவிடாது. எந்தக் காரை "ஒரே கார்" ஆக்கினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த யோசனைக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. ஒன்றுக்கு மேலேயே உண்டு. அமெரிக்காவில் 1963இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உதிரி பாகங்களை வைத்து ஃபார்முலா வீ என்ற பிரிவை அங்கீகரித்தார்கள். இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் ஓட்டுநர் பள்ளி நடத்தியவர்களுக்கு வேறு தலைவலி. பள்ளிக் கார்களில் பந்தய எஞ்சினும் பந்தய டயரும் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. மாணவர்கள் இரண்டையும் கரைத்துக்கொண்டே இருந்தார்கள். ஃபோர்டு கோர்ட்டினாவின் எஞ்சினையும் சாலை டயரையும் போட்டுப் பார்த்தார்கள், ஓடியது. அதிலிருந்து ஆயிரம் பவுண்டுக்குள் கார் என்ற வரம்போடு ஃபார்முலா ஃபோர்டு பிறந்தது. முதல் பந்தயம் 1967 ஜூலை 2ஆம் தேதி. பிற்பாடு அயர்டன் சென்னாவும் ஜென்சன் பட்டனும் அந்த வகுப்பில் படித்துத்தான் மேலே போனார்கள்.

நம் கதை கோயம்புத்தூரில் தொடங்குகிறது. எஸ். கரிவரதன் அங்கே மில் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், சோழவரத்து ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானதளம் அது. சென்னையின் கார் பந்தயம் வருடக்கணக்காக அந்தக் கான்கிரீட் பட்டையில்தான் நடந்தது. வசதி உள்ளவர்கள் வெளிநாட்டுக் காரை இறக்குவார்கள், மற்றவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கரி பார்த்தது வேறு ஒன்றை. ஊரெல்லாம் மாருதி 800 ஓடத் தொடங்கியிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார், உதிரி பாகம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 1980களின் பிற்பகுதியில் அந்த எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி வந்தது அப்படித்தான்.

பந்தயக் கார் வசதி உள்ள சிலர் கையில் மட்டுமே இருந்த ஒரு நாட்டில், ஒரே அச்சில் வார்த்த ஒற்றை இருக்கைக் கார்கள் வரிசை கட்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு விடை பதினைந்து இருபது வருடத்தில் தெரிந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். 2005இல் ஜோர்டன் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2000இல் ஃபார்முலா மாருதி தேசியப் பட்டம் வென்றவர்; 2010இல் அவரும் ஃபார்முலா 1 களத்தில். இதுவரை ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் மாருதி 800 எஞ்சினில் பழகியவர்கள் என்பதைக் காசு இல்லை என்று தயங்குகிறவர்களுக்கு உரக்கச் சொல்லலாம். இரண்டு பேர் வீட்டிலும் பந்தயம் ஏற்கெனவே குடிவந்திருந்தது, இருவரின் அப்பாக்களும் ஓட்டியவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கரிவரதன் இந்த அறுவடையைப் பார்க்கவில்லை. 1995இல் சிறிய விமானம் ஒன்று விழுந்ததில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் களத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. அதைக் கட்டிய எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில்தான் நீ இன்று கேட்க வேண்டிய பிரிவும் இருக்கிறது.

அந்தப் பிரிவு, ஃபார்முலா எல்ஜிபி. கார் கோவையில் கட்டியது. எஞ்சின் மாருதி சுஸுகியின் 1,300 சிசி. ஜேகே டயர் நடத்தும் தேசியப் போட்டியில் இதை எல்ஜிபி ஃபார்முலா 4 என்பார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நடத்தும் தேசியப் போட்டியில் ஃபார்முலா எல்ஜிபி 1300. அங்கே ஜேகே டயர், இங்கே எம்ஆர்எஃப் டயர். எஞ்சின் சாதாரணம், ஆனால் பந்தயம் சாதாரணமில்லை. கார்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாததால் நீண்ட நேர்பாதையில் ஐந்தாறு பேர் ஒருவர் காற்றுமறைவில் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். கடைசி லேப்வரை யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. 2018இல் அஹுரா ரேசிங் இந்தப் பிரிவில் பெண்கள் மட்டுமே கொண்ட ஓர் அணியை இறக்கியது. அவர்களுக்கென்று தனிப் பந்தயம் இல்லை; எல்லோருக்கும் ஒரே கிரிட், அதாவது ஒரே தொடக்க வரிசை. உன் தங்கையிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு.

இனி, "ஒரே கார்" என்பதைக் கிட்டப் போய்ப் பார். ஸ்பெக் பிரிவு எஞ்சினில் வால்வ் கவர் போல்ட்டின் தலையைக் கவனி. தலைக்குக் குறுக்கே ஊசித்துளை. அதில் நுழைந்து பக்கத்து போல்ட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி. கம்பியின் இரு முனையையும் சேர்த்து நசுக்கிய சிறிய முத்திரை, அதில் எண். வீட்டு மின் மீட்டரில் ஈபிகாரர் வைக்கும் சீல் மாதிரிதான். அது அறுந்திருந்தால் எஞ்சினை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். விளக்கம் சொல்லும் பொறுப்பு உன்னுடையது. கார்ட்டிங்கில் ராட்டக்ஸ் மேக்ஸ் எஞ்சினுக்கும் இதே ஏற்பாடு. அப்புறம் எடை மேடை. பந்தயம் முடிந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காரோடு ஏறி நிற்க வேண்டும். நீ ஒல்லியாக இருப்பது இங்கே லாபமில்லை. குறைகிற எடைக்கு ஈயக் கட்டியைக் காரின் தரையில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள்.

இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்பாய். அமெரிக்காவில் ஸ்பெக் மியாட்டா என்று ஒரு பிரிவு. மஸ்தாவின் சின்ன இரட்டை இருக்கைக் கார், 1989இல் அறிமுகமானது. பழையது மலிவாகக் கிடைத்தது. குறிப்பிட்ட ஒரே சஸ்பென்ஷன், ஒரே டயர் என்று விதி போட்டு, கேரேஜில் சொந்தக் கையால் தயார் செய்த கார்களோடு சாதாரணச் சம்பளக்காரர்கள் ஓட்டினார்கள். 2006இல் எஸ்சிசிஏ அமைப்பு அதைத் தேசியப் பிரிவாக்கியது. கிரிட்டில் கார்கள் குவிந்தன. குவிந்ததும் பழைய ஏலம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. விதிக்குள் நின்றபடியே எஞ்சினில் கடைசி அரைக் குதிரைத்திறனைப் பிழிந்து தரும் தொழில்முறைப் பட்டறைகள் முளைத்தன. 2014இல் லகுனா செக்காவில் நடந்த தேசிய இறுதிப் பந்தயத்துக்குப் பிறகு எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலிண்டர் ஹெட்டின் காற்றுப் பாதையில் விதி அனுமதிக்காத செதுக்கல் இருந்ததாகச் சொல்லி, முன்னணியில் முடித்த கார்கள் பலவற்றைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.  சாதாரணக் கார் என்று நினைத்த பிரிவிலேயே இந்தக் கூத்து.

ஆகவே ஒரு பிரிவில் சேரும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "கார் என்ன விலை?" என்பதில்லை. பந்தயத்துக்குப் பின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்களா, கடைசியாக யாரை எதற்காகத் தகுதிநீக்கம் செய்தார்கள் என்று அணிகள் கார்களை நிறுத்தியிருக்கும் பேடக்கில் நாலு மெக்கானிக்குகளிடம் விசாரி. ஸ்க்ரூட்டினி என்கிற இந்தச் சோதனை கறாராக இருக்கும் இடத்தில்தான் உன் பணம் பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி, கிரிட்டில் எத்தனை கார். எட்டுக் கார் ஓடும் கவர்ச்சியான பிரிவைவிட இருபது கார் ஓடும் எளிய பிரிவு உனக்கு நல்லது. கூட்டம் இருந்தால் நடுவரிசையிலும் யாரோடாவது மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பாய்; உதிரி பாகம் கடன் கிடைக்கும்; பிற்பாடு விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்கும். கார் நிறுவனங்கள் தாமே நடத்தும் கோப்பைகளில் இந்த உறுதி இல்லை. ஃபோக்ஸ்வேகன் 2010இல் டீசல் போலோ காரோடு ஒரு கோப்பையைத் தொடங்கியது, டொயோட்டா எட்டியோஸ் பந்தயத்தைக் கொண்டுவந்தது. ஏற்பாடு எல்லாம் முதல் தரம். ஆனால் அது விளம்பரக் கணக்கில் வரும் செலவு. கணக்கு மாறினால் கோப்பையும் போய்விடும். கிளப்பும் டயர் நிறுவனமும் சேர்ந்து இழுக்கும் எல்ஜிபி வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணத்துக்கு வருவோம். கார் வாங்காதே. முதல் வருடம் நிச்சயமாக வாங்காதே. நம் நாட்டில் ஃபார்முலா எல்ஜிபி பெரும்பாலும் அணிகளின் கையில் இருக்கிறது. ஒரு சீஸனுக்கோ ஒரு சுற்றுக்கோ இருக்கையை வாடகைக்குத் தருவார்கள். விலை கேட்கும்போது ஒட்டுமொத்தத் தொகையைக் கேட்டுவிட்டு வந்துவிடாதே. அதில் டயர் சேர்ந்திருக்கிறதா, எத்தனை செட்? வெள்ளிக்கிழமைப் பயிற்சி உண்டா? நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது? மெக்கானிக் உனக்கு மட்டுமா, மூன்று காருக்கும் ஒருவரா? இதையெல்லாம் காகிதத்தில் எழுதி வாங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, காரை இடித்தால் யார் பணம்? பெரும்பாலும் உன் பணம்தான். மூக்குப் பகுதி, விஷ்போன், சக்கரம், சில சமயம் ரேடியேட்டர் என்று முதல் வளைவில் நடக்கும் சின்ன முட்டலுக்கே பில் நீளும். ஒரு சீஸனுக்கு வைத்திருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை இடிக்கும் செலவுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எத்தனை சுற்று ஓட்ட முடியும் என்று பார். இரண்டே சுற்றுதான் வருகிறது என்றால் இரண்டு சுற்று ஓட்டு. வீட்டை அடமானம் வைத்து ஐந்து சுற்று ஓட்டாதே.

கோவையில் ஜேகே டயர் போட்டியில் புதியவர்களுக்கென்றே நோவிஸ் கப் என்று ஒரு பிரிவு நடத்துகிறார்கள். கர்வம் பார்க்காமல் அங்கே தொடங்கு. அனுபவசாலிகள் நடுவில் மாட்டிக்கொண்டு கண்ணாடியையே பார்த்து ஓட்டுவதைவிட, உன்னைப் போலவே தடுமாறுகிறவர்களோடு ஓட்டினால் சீக்கிரம் பழகலாம்.

சிக்கனம் செய்யக் கூடாத ஒரே இடம் உன் உடம்பு. பழைய கார்களை வைத்து நடத்தும் கேலிப் பந்தயம் ஒன்று அமெரிக்காவில் உண்டு, 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் என்று பெயர். காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. ஆனால் ரோல் கேஜ், இருக்கை, பெல்ட், பிரேக் போன்ற பாதுகாப்புச் செலவு அந்த 500 டாலர் கணக்கில் சேராது. கோமாளி வேஷம் போட்டு ஓட்டுகிறவர்களே அந்த இடத்தில் விளையாடுவதில்லை.

நீ வைத்திருக்கும் பைக் ஹெல்மெட் இங்கே செல்லாது, அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும். ஸ்னெல் என்ற ஹெல்மெட் சோதனை அமைப்பின் முத்திரையில் எம் என்று இருந்தால் பைக்குக்கு, எஸ்ஏ என்று இருந்தால் காருக்கு. கார் ஹெல்மெட்டின் உள்துணி தீ பிடிக்காததாக இருக்க வேண்டும். ரோல் பாரில் திரும்பத் திரும்ப இடிபடுவதையும் சோதித்திருப்பார்கள். முத்திரை ஹெல்மெட்டின் உள்ளே, பஞ்சை விலக்கினால் தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கவே வாங்காதே. ஒருமுறை அடிபட்டது வெளியே தெரியாது. ஓவரால் நோமெக்ஸ் மாதிரித் தீ தாங்கும் துணியில், எஃப்ஐஏ எண் தைத்ததாக இருக்கட்டும். அதற்குள்ளே நைலான் பனியன் போட்டுக்கொண்டு போகாதே. சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

கழுத்துக்கு ஹான்ஸ். தோளில் உட்காரும் ஒரு நுகம், ஹெல்மெட்டோடு வார் போட்டு இணைத்திருக்கும். ராபர்ட் ஹப்பார்டு என்ற உயிர்விசையியல் பேராசிரியரும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980களில் செய்தது. கழுத்து அரிக்கிறது, தலை திருப்ப முடியவில்லை என்று பல வருடம் ஓட்டுநர்கள் ஒதுக்கியே வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் டேட்டோனா களத்துச் சுவரில் மோதி அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்த பிறகுதான் பலர் அதை எடுத்து மாட்டினார்கள். 2003 முதல் ஃபார்முலா 1இல் கட்டாயம். இரவலாகவாவது வாங்கிப் போட்டுக்கொள்.

காகித வேலை அதிகம் இல்லை. நாட்டில் கார் பந்தயத்துக்கு அதிகாரமுள்ள அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. அதன் போட்டி உரிமம் இல்லாமல் தேசியப் பந்தயத்தில் இறங்க முடியாது. மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். உன் அப்பாவிடம் அந்தப் பேச்சை நீயே எடு. இந்தக் கடிதத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதே.

உரிமத்துக்கு முன் கார்ட். சென்னை, கோவை, பெங்களூரு மூன்று இடங்களிலும் வாடகைக் கார்ட் கிடைக்கிறது. பொழுதுபோக்குக்கு ஓட்டுவது போல ஓட்டாமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓட்டு. பத்து லேப் ஓட்டினால் பத்தும் கால் விநாடி வித்தியாசத்துக்குள் வர வேண்டும்; ஒரே ஒரு அதிவேக லேப் யாருக்கும் வாய்க்கும். கணினியில் ஓட்டும் சிமுலேட்டரையும் இளக்காரமாகப் பார்க்காதே. 2011இல் ஒரு வீடியோ கேம் போட்டியில் வென்ற பிரிட்டன் பையன் ஜான் மார்டன்பரோ நிஜப் பந்தய ஓட்டுநராகவே ஆனார். ஆனால் அதில் இடித்தால் பில் வராது. அந்தப் பயமின்மை நிஜக் காருக்குள் உன்னோடு வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்தது ஓட்டுநர் பள்ளி. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் பந்தய அனுபவம் உள்ளவர்கள் ஃபார்முலா காரிலேயே வகுப்பு எடுக்கிறார்கள். முதல் நாள் உன்னிடம் எடுபடாத ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள்: மெதுவாக உள்ளே போ, வேகமாக வெளியே வா. அதை நீ நம்ப ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வளைவுக்குப் பின் 500 மீட்டர் நேர்பாதை என்று வைத்துக்கொள். இரண்டு பேருக்கும் ஒரே எஞ்சின். வளைவிலிருந்து சரியாக வெளியே வந்தவர் அந்தப் பாதையைச் சராசரி 144 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறார். ஆசைப்பட்டு அதிக வேகத்தில் உள்ளே பாய்ந்து, வெளியே வரத் திணறியவர் 140இல் கடக்கிறார். முதலாமவருக்கு 12.5 விநாடி, இரண்டாமவருக்கு 12.86. ஒரு லேப்பில் ஒரு வளைவில் மட்டும் 0.36 விநாடி. பத்து லேப்பில் மூன்றரை விநாடி, அந்த வேகத்தில் ஏறக்குறைய 140 மீட்டர் தூரம். எஞ்சின் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் வலது கால் செய்த வேலை. குதிரைத்திறன் நிறைந்த காரில் இந்தத் தவறை ஆக்ஸிலரேட்டரால் மறைத்துவிடலாம். 1,300 சிசியில் மறைக்க முடியாது, அடுத்த நேர்பாதை முழுக்க அது உன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே வரும். சின்ன எஞ்சின் பிரிவுகளிலிருந்து நல்ல ஓட்டுநர்கள் வருவதற்குக் காரணம் இதுதான்.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடச் சூடாகும், சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். காலை பத்து மணிக்குப் பார்த்த அழுத்தம் மத்தியான வெயிலில் பொய்யாகிவிடும். சொந்தமாக ஒரு நல்ல பிரஷர் கேஜ் வாங்கிக்கொள். அணியில் இருப்பதையே நம்பாதே. ஓட்டுவதற்கு முன், பின், வெயிலா மேகமா, என்ன லேப் நேரம் என்று நோட்டில் எழுது. எல்லோருக்கும் ஒரே டயர் என்ற விதியின் அருமை தெரிய வேண்டுமென்றால் 2005 இண்டியானாபோலிஸ் ஃபார்முலா 1 பந்தயத்தைத் தேடிப் பார். மிஷெலின் டயர் பத்திரமில்லை என்று ஏழு அணிகள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நம் நரேன் நான்காவதாக வந்தது அந்தப் பந்தயத்தில்தான்.

கொடிகளைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படி. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் உன்னைவிட வேகமான கார் பின்னால் வந்துவிட்டது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் பாதை வழுக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் உன் எண்ணும் காட்டினால் உன் காரில் ஏதோ கழன்று தொங்குகிறது, பிட்டுக்கு வா. புதியவர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் மஞ்சளில்தான். முன்னால் போகிறவனை மடக்கிவிடும் வெறியில் கொடி கண்ணில் படாது. அந்த மஞ்சளுக்கு அப்பால் ஒரு மார்ஷல் தரையில் நின்று கவிழ்ந்த காரிலிருந்து ஒருவரை வெளியே எடுத்துக்கொண்டிருப்பார். இதில் மன்னிப்பு கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியலில் நண்பர்களோடு "பிராக்டிஸ்" என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றோடு விடு. அங்கே சாலைக்கு வெளியே கார் சறுக்கி நிற்க மண் பரப்பு கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது, எதிரில் பால்காரர் வருவார். அதில் பழகும் எதுவும் டிராக்கில் உதவாது. உரிமம் கேட்டுப் போகும் நேரத்தில் உன் பெயரில் ஒரு வழக்கு இருந்தால் அதுவும் உதவாது.

கையில் பணம் சேரும்வரை என்ன செய்வது என்று கேட்பாய். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இலிருந்து இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் பந்தயம் நடத்தத் தன்னார்வ மார்ஷல்கள் இல்லாமல் முடியாது. பயிற்சி கொடுத்துக் கொடியையும் தீயணைப்பானையும் கையில் தருவார்கள். டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் கேலரியிலிருந்து பார்க்கும் வளைவை நீ பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பாய். யார் எங்கே பிரேக்கைத் தொடுகிறார், யார் எந்தக் கோட்டில் திரும்புகிறார், எந்த அணி மெக்கானிக் நிதானமாக வேலை செய்கிறார், எந்த அணியில் கத்துகிறார்கள் என்பதெல்லாம் ஒரே வார இறுதியில் தெரிந்துவிடும். நாளை எந்த அணியிடம் இருக்கை கேட்பது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். அடுத்த சுற்றின் தேதியைப் பார்த்து, இந்த வாரமே கிளப்புக்கு எழுதி உன் பெயரைப் பதிவு செய். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போ. இருங்காட்டுக்கோட்டையில் நிழல் குறைவு.

அன்புடன்,
உன் அண்ணன்